முகாமில் இருக்கும் வீரர்களுக்கு ஒட்டுத்துணிப் போர்வை: அளவு, துணி, பெட்டி, முகவரி

#1 ஊசிமுனை

வணக்கம். அமெரிக்காவில் இருக்கும் எட்டுப் பேர் சேர்ந்து, வெளிநாட்டு முகாமில் பணியில் உள்ள ராணுவ வீரர்களுக்கு 12 குயில்ட் (ஒட்டுத்துணிப் போர்வை) தைத்து அனுப்ப இருக்கிறோம். 12 பேரின் பெயரும் முகவரியும் அவரவர் சம்மதத்தோடு கையில் இருக்கின்றன. எல்லோருக்கும் தைக்கத் தெரியும். குயில்ட் தைத்த பழக்கம் இரண்டு பேருக்குத்தான்.

அளவு என்ன வைப்பது? 60க்கு 80 இன்ச் என்று சிலர் சொல்கிறார்கள். பேட்டிங், அதாவது மேல்துணிக்கும் பின்துணிக்கும் நடுவில் வைக்கும் பஞ்சு அடுக்கு, பருத்தியா பாலியெஸ்டரா? கொடி டிசைன் போடலாமா? பெட்டியில் வேறென்ன வைக்கலாம்? இன்னும் துணி வாங்கவில்லை, அதனால் எதையும் மாற்றிக்கொள்ளலாம்.

#2 அஞ்சல்பெட்டி

துணி வாங்காமல் கேட்டீர்களே, நல்ல காரியம். முதலில் பெட்டியைப் பாருங்கள், பிறகு துணியை வெட்டுங்கள். பெரும்பாலான குழுக்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, தைத்து முடித்த போர்வையைப் பெட்டிக்குள் திணிக்க முடியாமல் திண்டாடுகின்றன.

ராணுவ முகவரிகளுக்கென்றே அமெரிக்க அஞ்சல் துறை ஒரு பெரிய ஃப்ளாட் ரேட் பெட்டி வைத்திருக்கிறது. 12க்கு 12 இன்ச், உயரம் ஐந்தரை இன்ச். எடை 70 பவுண்டு வரை ஒரே கட்டணம். சாதாரணப் பெரிய ஃப்ளாட் ரேட் பெட்டியை விடக் கட்டணம் சற்றுக் குறைவு. பெட்டி இலவசம், வீட்டுக்கே வரவழைக்கலாம். டேப், சுங்கப் படிவத்துக்கான உறை எல்லாம் சேர்ந்த இலவசத் தொகுப்பாகவும் கேட்டு வாங்கலாம்.

இப்போது கணக்கு. மெல்லிய பருத்தி பேட்டிங் வைத்துத் தைத்த போர்வையைக் கையால் அழுத்தினால் ஒரு மடிப்பு சுமார் ஒன்றரை நூல் கனம் இருக்கும். நூல் என்று சொல்வது நம் ஆசாரிமார் கணக்கு: எட்டு நூல் ஒரு இன்ச். 48க்கு 66 போர்வையை 48 பக்கம் நாலாகவும் 66 பக்கம் ஆறாகவும் மடித்தால் 24 மடிப்பு. 36 நூல், அதாவது நாலரை இன்ச் உயரம். ஐந்தரை இன்ச் பெட்டியில் மேலே ஒரு இன்ச் மிச்சம். தலையணை உறையும் கடிதமும் அதில் போகும்.

அதே துணியில் 60க்கு 80 தைத்தால் ஐந்துக்கு ஏழு, 35 மடிப்பு. ஆறரை இன்ச் தாண்டிவிடும். மூடி மூடாது. ஃப்ளாட் ரேட் பெட்டியின் மடல்கள் அதன் மடிப்புக் கோட்டிலேயே மூட வேண்டும். டேப் ஒட்டி வலுப்படுத்தலாம், ஆனால் பெட்டியைப் பிதுங்க வைத்து உருமாற்றினால் கவுண்டரில் திருப்பித் தருவார்கள்.

#3 துணிமூட்டை

காற்றை உறிஞ்சும் பையில் போட்டால் 60க்கு 80 போகுமே?

#4 அஞ்சல்பெட்டி

போகும். ஆனால் இரண்டு சிக்கல். பயணத்தில் எங்காவது பையில் சிறு ஓட்டை விழுந்தால் போர்வை மறுபடி உப்பி, பெட்டியின் டேப்பைப் பிளக்கும். வாரக்கணக்கில் அழுந்திக் கிடந்தால் பருத்தி பேட்டிங்கில் மடிப்புத் தழும்பு ஆழமாக விழும். பிளாஸ்டிக் பையில் வையுங்கள், அது ஈரத்துக்கும் தூசுக்கும் நல்லது. அழுத்தத்தை மட்டும் நம்பாதீர்கள்.

அளவைக் குறைக்க இதைவிட முக்கியமான காரணம் கட்டில். முகாம்களில் மடக்குக் கட்டிலின் அகலம் சுமார் இரண்டேகால் அடி, நீளம் ஆறரை அடி. 60 இன்ச் அகலப் போர்வை இரண்டு பக்கமும் தரையில் புரண்டு மணலை வாரிக்கொள்ளும். 48 இன்ச் போதும். கப்பலில் இருப்பவர்களின் படுக்கை அதைவிட நெருக்கம். பணி முடிந்து கிளம்பும்போது இவையெல்லாம் அவர்கள் தோளில் சுமக்க வேண்டிய மூட்டையில் சேரும் என்பதையும் மறக்க வேண்டாம். 48க்கு 66 பருத்திப் போர்வை இரண்டு, இரண்டரைப் பவுண்டு. 60க்கு 80 மூன்று பவுண்டுக்கு மேல்.

#5 பழையபெட்டகம்

இந்தக் கட்டில் கணக்கு புதிதல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861இல் வடமாநிலப் படைகளின் நலனுக்காக சானிட்டரி கமிஷன் ஏற்படுத்தப்பட்டது. அது பெண்களிடம் கேட்ட போர்வையின் அளவு சுமார் 7 அடி நீளம், 50 இன்ச் அகலம். வீட்டுக் கட்டிலுக்குத் தைப்பதைவிட ஒடுக்கம். மருத்துவமனைக் கட்டிலுக்கும் முகாமுக்கும் ஏற்ற அளவு. விலை மலிந்த துணி போதும் என்றும் சொன்னார்கள். அந்தப் போரில் ஆயிரக்கணக்கில் போன போர்வைகளில் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சில. மற்றவை பயன்பாட்டிலேயே கிழிந்து தேய்ந்து போயின. அனுப்பிய காரணம் நிறைவேறியது என்றுதான் அதற்குப் பொருள்.

முதல் உலகப் போரில் பாதை வேறு. கம்பளிகளைப் படைக்கு விட்டுவிட்டு வீட்டுக்குக் குயில்ட் தையுங்கள் என்று பிரசாரம் நடந்தது. கையெழுத்துக் குயில்ட் என்று ஒரு வகை அப்போது பரவியது: சிறு காசு கொடுத்தவர்களின் பெயரை வெள்ளைத் துணியில் சிவப்பு நூலால் தைத்து, பிறகு போர்வையையே ஏலம் விட்டு, சேர்ந்த பணத்தை செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுப்பார்கள்.

#6 கஜக்கோல்

12 போர்வை, எட்டுப் பேர், அதில் ஆறு பேர் புதியவர்கள் என்றால் 'ரெயில் ஃபென்ஸ்' தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். மூன்று பட்டை சேர்த்த சதுரத் துண்டை, அதாவது பிளாக்கை, ஒன்று நிமிர்த்தி, ஒன்று படுக்க வைத்து அடுக்குவதுதான் டிசைன். பக்கத்துப் பிளாக்கின் தையல்கள் ஒன்றோடொன்று முட்டாது என்பதால் பொருத்திப் பார்க்கும் தலைவலி இல்லை.

48க்கு 66 அளவுக்கு, ஒரு போர்வைக்கு:

பிளாக் தைத்து முடித்தபின் 6 இன்ச். அகலத்தில் 8, நீளத்தில் 11, மொத்தம் 88.
மூன்று நிறத்திலும் இரண்டரை இன்ச் பட்டை, துணியின் முழு அகலத்துக்கு, தலா 15. நிறத்துக்கு ஒன்றேகால் கஜம்.
பைண்டிங்குக்கு (போர்வையின் ஓரத்தைச் சுற்றி மூடும் பட்டை) இரண்டரை இன்ச் பட்டை 6. அரைக் கஜம்.
பின்துணி 56க்கு 74 இன்ச். சாதாரண அகலத் துணியில் 56 இன்ச் நீளத் துண்டு இரண்டைக் குறுக்காக இணைத்தால் சரியாக வரும். மூன்றேகால் கஜம். 108 இன்ச் அகலத் துணி கிடைத்தால் ஒன்றரைக் கஜத்துக்குச் சற்று மேல் போதும், இணைப்பும் இல்லை.
பேட்டிங், 72க்கு 90 பாக்கெட் ஒன்று.

12 போர்வைக்கும் ஒரே துணி என்றால் தனித்தனியாக வாங்காதீர்கள். மொத்தம் 1056 பிளாக், மூன்று நிறப் பட்டையை நீளவாக்கில் இணைத்த ஒரு சேர்ப்பில் 6 பிளாக், ஆக 176 சேர்ப்பு. நிறத்துக்கு 440 இன்ச், பன்னிரண்டேகால் கஜம். ஓரம் நேராக்க வெட்டும் கழிவையும் சேர்த்து 13 கஜம் வாங்கினால் போதும். தனித்தனியாக வாங்கினால் 15 கஜம் ஆகும்.

இனி எங்கே கெடும் என்பது. தையலுக்குக் கால் இன்ச் பிடிக்க வேண்டும், அதாவது இரண்டு நூல். ஒருவர் அரை நூல் கூடுதலாகப் பிடித்தால், இரண்டு துணியிலும் சேர்த்து ஒரு தையலில் ஒரு நூல் போகும். பிளாக்கில் இரண்டு தையல், ஆக கால் இன்ச் காணாமல் போகிறது. ஆறரை இருக்க வேண்டிய சேர்ப்பு ஆறேகால் ஆகிவிடும். அதை அளக்காமல் ஆறரை நீளத்துக்கு வெட்டினால் பிளாக் சதுரமாக இருக்காது. நிமிர்ந்ததும் படுத்ததும் மாறி மாறி வரும்போது வரிசை எங்கேயும் ஒட்டாது.

தீர்வு எளிது. சேர்ப்பைத் தைத்து, இஸ்திரி போட்டு, அகலத்தை மூன்று இடத்தில் அளந்து, அந்த அகலத்துக்கே நீளத்தையும் வெட்டுங்கள். ஆறேகால் என்றால் ஆறேகால். போர்வை 46க்கு 63 ஆகும், அவ்வளவுதான். ஆனால் ஒருவர் தைத்த பிளாக்கையும் இன்னொருவர் தைத்ததையும் ஒரே போர்வையில் கலக்காதீர்கள். வேலையைப் பகிர்வதானால் வெட்டுவது, தைப்பது, பைண்டிங் என்று பகிருங்கள். ஒரு போர்வையின் பிளாக் அத்தனையும் ஒரே கையில், ஒரே மெஷினில்.

#7 ஊசிமுனை

மிக்க நன்றி. அளவு 48க்கு 66 என்று முடிவு செய்துவிட்டோம். பேட்டிங் கேள்வி மட்டும் நிற்கிறது. பாலியெஸ்டர் இலேசு, சீக்கிரம் காயும் என்று குழுவில் இருவர் சொல்கிறார்கள்.

#8 துணிமூட்டை

பருத்தி. மேல்துணி, பின்துணி, பேட்டிங் எல்லாமே.

பாலியெஸ்டர் தீயில் எரிவதற்கு முன் உருகும். உருகியது தோலில் ஒட்டிக்கொண்டு காயத்தை ஆழமாக்கும். 2006 ஏப்ரலில் ஈராக்கில் இருந்த அமெரிக்க மரீன் படை, முகாமுக்கு வெளியே போகும்போது பாலியெஸ்டர், நைலான் விளையாட்டு உடைகளை அணியக்கூடாது என்று தடை போட்டது இதனால்தான். ஹெல்மெட்டுக்கு அடியில் போடும் குல்லாயைப் பின்னுகிறவர்கள் அக்ரிலிக் நூலை விலக்கிச் சுத்தக் கம்பளி நூலையே எடுப்பதற்கும் அதுவே காரணம். கம்பளி கருகும், உருகாது.

போர்வை அணியும் உடை அல்லவே என்று கேட்கலாம். உண்மைதான். 80 பங்கு பருத்தி, 20 பங்கு பாலியெஸ்டர் கலந்த பேட்டிங்கை வைத்துத் தைப்பவர்கள் நிறைய உண்டு, அது பெரிய குற்றம் இல்லை. ஆனால் முழுப் பருத்தி அதே விலையில் கிடைக்கும்போது கலப்பு எதற்கு? குளிர்காலப் பாலைவன இரவுக்குப் பருத்தியே போதுமான கதகதப்பு.

கம்பளி பேட்டிங் வேண்டாம். காரணம் சலவை. முகாமில் ஒவ்வொருவருடைய துணியும் ஒரு வலைப்பையில் கட்டப்பட்டு, பையோடு மெஷினுக்குள் போய், பையோடு டிரையருக்குள் போகும். சூடு குறைத்து வைக்க யாரும் வரமாட்டார்கள். அந்தச் சலவையைத் தாங்காத எதுவும் இந்தப் போர்வையில் இருக்கக் கூடாது: பசை வைத்து ஒட்டிய உருவங்கள், பொத்தான், ரிப்பன், கையால் தைத்த மெல்லிய அலங்காரம் எதுவும்.

நிறத்தில் அடர்ந்ததே நல்லது. வெள்ளை இரண்டாம் வாரத்தில் மணல் நிறமாகும்.

#9 நெடுந்தையல்

லாங்ஆர்ம் (குயில்ட் தையலுக்கென்றே உள்ள நீண்ட கை கொண்ட பெரிய மெஷின்) வைத்துக் குயில்ட் செய்யும் பக்கத்திலிருந்து சில சொற்கள்.

மூன்று அடுக்கையும் சேர்க்கும் தையல் வரிகளுக்கு இடையே இரண்டு, மூன்று இன்ச் இடைவெளி வையுங்கள். பேட்டிங் பாக்கெட்டில் எட்டு இன்ச், பத்து இன்ச் வரை விடலாம் என்று போட்டிருப்பார்கள். வீட்டுச் சலவைக்கு அது சரி. முகாம் சலவையில் பத்து இன்ச் விட்டால் நடுவில் பேட்டிங் கட்டி கட்டியாகச் சுருளும். அதற்காக அரை இன்ச்சுக்கு ஒரு வரி ஓட்டினால் போர்வை அட்டை போல விறைக்கும், சுருக்கமும் கூடும்.

லாங்ஆர்ம் வைத்திருப்பவரிடம் கொடுப்பதானால் பின்துணி நாலு பக்கமும் நாலு இன்ச் கூடுதலாக இருக்கட்டும், கஜக்கோல் சொன்ன 56க்கு 74 அதற்குச் சரி. மேல்துணியில் தொங்கும் நூல்களை வெட்டிவிடுங்கள். வெள்ளைத் துணிக்கு அடியில் ஒரு சிவப்பு நூல் கிடந்தால் பிறகு எடுக்கவே முடியாது. மூன்றையும் ஊக்குப் போட்டு இணைத்து அனுப்ப வேண்டாம், தனித்தனியாகவே கொடுங்கள்.

வீட்டு மெஷினில் ஓட்டுவதானால் வாக்கிங் ஃபுட் (எல்லா அடுக்கையும் ஒன்றாக நகர்த்தும் மெஷின் பாதம்) கட்டாயம். ஊசி 90/14, தையல் நீளம் 3 மில்லிமீட்டர். வாக்கிங் ஃபுட் இல்லாமல் ஓட்டினால் மேல்துணி முன்னே நகர்ந்து, பின்துணியில் மடிப்பு விழும். கைமுட்டி அகலத்துக்கு ஒரு ஊக்கு என்று குத்தினால் இந்த அளவுக்கு 190 ஊக்கு வரை ஆகும். குத்தும் முன் எண்ணுங்கள், கழற்றியபின் எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அந்தப் போர்வை கிளம்பக் கூடாது. மெஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் சேர்த்துப் பொருத்திப் பார்த்து, முழு ஊசி கிடைத்த பிறகுதான் அடுத்த தையல். காந்தத்தால் ஒரு முறை தடவிப் பார்ப்பதும் நல்லது.

பைண்டிங்கின் பின்பக்கத்தைக் கையால் தைப்பது அழகு. இங்கே மெஷினிலேயே தைத்துவிடுங்கள். பட்டைகளை நேராக இணைக்காமல் 45 பாகை சாய்வில் இணைத்தால் ஓரத்தில் ஒரே இடத்தில் கனம் சேராது, அங்கே தேயவும் தேயாது.

#10 ஊசிமுனை

துவைத்து அனுப்புவதா, புதிதாகவே அனுப்புவதா?

#11 துணிமூட்டை

துவைத்துத்தான். சாயம் போகிறதா என்று உங்கள் வீட்டில் தெரிய வேண்டும், அவருடைய சலவைப் பையில் தெரியக் கூடாது. அவருடைய ஒரே பையில் பனியனும் சீருடையும் சேர்ந்து கிடக்கும்.

சிவப்பும் கருநீலமும்தான் ஆபத்து. வெட்டும் முன்பே அந்தத் துணிகளை மட்டும் தனியாகச் சுடுநீரில் அலசுங்கள். தண்ணீர் தெளியும்வரை. தைத்து முடித்தபின் போர்வையைச் சாயம் உறிஞ்சும் தாள் இரண்டு போட்டு மெஷினில் துவையுங்கள். தாள் அழுத்தமான நிறத்தில் வெளியே வந்தால் இன்னொரு முறை. வெள்ளையில் இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தால் டிரையரில் போடவே கூடாது, சூட்டில் கறை நிலைத்துவிடும். ஈரமாகவே தொட்டியில் நிறையச் சுடுநீர் விட்டு, பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் ஊற்றி, போர்வை முழுக்க மூழ்கும்படி இரவு முழுவதும் ஊறவையுங்கள். ஒரு பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அங்கே கோடு விழும்.

துவைத்தால் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும். 48க்கு 66 என்பது 46க்கு 63 அளவில் வந்து நிற்கும். கட்டிலுக்கு இதுவும் போதும்.

வாசனைத் திரவமோ டிரையர் தாளோ சேர்க்க வேண்டாம். ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பார்கள். வீட்டில் பூனை, நாய் இருந்தால் ஒட்டும் உருளையால் இரண்டு பக்கமும் உருட்டி எடுத்து, உடனே பையில் போட்டு மூடிவிடுங்கள்.

#12 கொடிமரம்

கொடி கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அமெரிக்கக் கொடிச் சட்டத்தின் எட்டாம் பிரிவு, கொடியை உடையாகவோ படுக்கை விரிப்பாகவோ திரைச்சீலையாகவோ பயன்படுத்தக் கூடாது என்கிறது. மீறினால் தண்டனை இல்லை. ஆனால் சீருடை அணிந்தவர்களில் பலர் இதைப் பயபக்தியோடு கடைப்பிடிப்பவர்கள். கொடி முழுவதையும் போர்வையாக்கிக் கொடுத்தால் அதன்மேல் காலை நீட்டிப் படுக்க அவர்களுக்கு மனம் வராது, மடித்து வைத்துவிடுவார்கள். தனி நட்சத்திரம், தனிக் கோடு, சிவப்பு வெள்ளை நீலம் என்ற சேர்க்கை இவற்றில் தவறில்லை. பழைய கொடியை வெட்டித் தைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

படைப்பிரிவுச் சின்னங்களுக்கும் உரிமை உண்டு. கடையில் உரிமம் பெற்று அச்சிட்ட துணி விற்கிறார்கள், அதை வாங்குங்கள். வலையிலிருந்து எடுத்து நீங்களே அச்சிடாதீர்கள்.

#13 மாற்றுக்கருத்து

மன்னிக்கவும், அடிப்படையிலேயே ஒரு கேள்வி. முகாமுக்குப் போர்வை அனுப்புவது சரிதானா? திரும்பி வந்தபின் கொடுப்பதல்லவா மரியாதை? 60க்கு 80 என்று ஊசிமுனை கேள்விப்பட்டது 'குயில்ட்ஸ் ஆஃப் வேலர்' அமைப்பின் அளவு. 2003இல் டெலவேர் மாநிலம் சீஃபோர்டில் கேத்தரின் ராபர்ட்ஸ் தொடங்கியது. அப்போது அவருடைய மகன் ஈராக்கில் பணியில் இருந்தார். அதே ஆண்டு நவம்பரில் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில், ஈராக்கில் காலை இழந்த ஓர் இளம் வீரருக்கு முதல் போர்வை வழங்கப்பட்டது. இன்று எண்ணிக்கை 3 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

அவர்கள் போர்வையைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவதில்லை. ஆளை நேரில் வரவழைத்து, நன்றி சொல்லி, தோளைச் சுற்றிப் போர்த்துவார்கள். அதற்கென்று விதிகள் உண்டு. 55க்கு 65 இன்ச்சுக்குக் குறையக் கூடாது, 72க்கு 90ஐத் தாண்டக் கூடாது. முடிச்சுப் போட்டுக் கட்டியது செல்லாது, குயில்ட் தையல் வேண்டும், பைண்டிங் வேண்டும். பெயர்த்துணியில் 'குயில்ட் ஆஃப் வேலர்' என்ற சொற்களும், பெறுபவர் பெயரும், தைத்தவர் பெயர்களும் இருக்க வேண்டும். கையால் தைத்த ஒரு பொருள் அத்தனை கௌரவத்தோடு போய்ச் சேர வேண்டும் என்பதே என் எண்ணம்.

#14 அஞ்சல்பெட்டி

அந்த அமைப்பின் பணியை மதிக்கிறேன். ஆனால் இரண்டும் வேறு வேறு பொருள். அவர்களுடையது விருது, வீட்டில் வாழ்நாள் முழுக்க இருக்கப் போவது. முகாமுக்குப் போவது தினமும் மேலே கிடக்க வேண்டிய போர்வை. கிழியலாம், விட்டுவிட்டு வரலாம், அடுத்து வருபவருக்குக் கொடுக்கலாம். அதனால்தான் அளவும் துணியும் மாறுகின்றன. ஊசிமுனையிடம் 12 பேரின் சம்மதம் இருக்கிறது. கேட்டவருக்கு அனுப்புவதில் தவறில்லை. கேட்காதவருக்கு அனுப்பினால்தான் சுமை.

#15 மாற்றுக்கருத்து

சம்மதம் இருக்கிறது என்பதைக் கவனிக்கவில்லை. அப்படியானால் சரி. ஒன்று மட்டும்: திரும்பியபின் அதே 12 பேருக்கு விருதுப் போர்வைக்கும் விண்ணப்பிக்கலாம். இது கிடைத்ததால் அது கிடைக்காமல் போகாது.

#16 கஜக்கோல்

மேலே மிஞ்சும் ஒரு இன்ச்சுக்கு என் பரிந்துரை தலையணை உறை. தலையணை எப்படியோ கிடைத்துவிடும், நல்ல உறை கிடைக்காது. உடலுக்கு முக்கால் கஜம், வாய்ப் பட்டைக்குக் கால் கஜம், நடுவில் இரண்டு இன்ச் வண்ணப் பட்டை. வாய்ப் பட்டையை விரித்து, அதன்மேல் உடலையும் வண்ணப் பட்டையையும் வைத்து, உடலைச் சுருட்டி உள்ளே அடக்கி, வாய்ப் பட்டையின் மறு ஓரத்தை மேலே கொண்டுவந்து ஒரே தையல் போட்டுத் திருப்பினால் பிசிறு எதுவும் வெளியே தெரியாது. பர்ரிட்டோ முறை என்பார்கள். பக்கத் தையல்களுக்குப் பிரெஞ்சுத் தையல் (பிசிறை உள்ளே அடக்கும் இரட்டைத் தையல்) போடுங்கள்.

வெயில் நாட்டுக்குப் போவதானால் கழுத்துக் குளிர்பட்டை. 4 இன்ச் அகலம், 44 இன்ச் நீளப் பருத்தித் துணியை நீளவாக்கில் மடித்துக் குழாயாகத் தைத்துத் திருப்பி, நடுவில் 12 இன்ச் இடத்தை மூன்று இன்ச் அறைகளாக நாலு பிரித்து, ஒவ்வொன்றிலும் நீரை உறிஞ்சும் பாலிமர் படிகம் கால் தேக்கரண்டி. அரைமணி நேரம் தண்ணீரில் ஊறினால் உப்பிக் குளிர்ச்சி தரும்.

இதில் எல்லோரும் செய்யும் பிழை, கொஞ்சமாக இருக்கிறதே என்று கூடுதலாகப் போடுவது. காய்ந்திருக்கும்போது ஒன்றுமே இல்லாததுபோல் தெரியும் அளவுதான் சரியான அளவு. ஒரு தேக்கரண்டி போட்ட அறை கல்லாக இறுகி, தையலைப் பிளந்து கூழைக் கொட்டும். தூள் வகையை வாங்காதீர்கள், துணி வழியே கொழகொழவென்று கசியும். நடுத்தரப் படிகம்தான் வேண்டும். எப்படி ஊறவைப்பது, ஈரத்தோடு பையில் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும் என்பதையெல்லாம் எழுதி ஒரு துண்டுச் சீட்டு இணையுங்கள்.

#17 அஞ்சல்பெட்டி

பெட்டியில் வைக்கக் கூடாதவை: அழுத்தம் ஏற்றிய ஸ்ப்ரே டப்பா, மது, வாசனைத் திரவியம், தனி லித்தியம் பேட்டரி. மே முதல் செப்டம்பர் வரை சாக்லேட், அது உருகிப் போர்வையில் இறங்கும். சோப்பு வைத்தால் இறுக மூடிய தனிப் பையில் வையுங்கள், இல்லாவிட்டால் பிஸ்கட்டும் போர்வையும் சோப்பாகவே மணக்கும். குழந்தைகள் வரைந்த வாழ்த்து அட்டை மிக நல்லது, மினுமினுப்புத் தூள் மட்டும் வேண்டாம். சீருடையில் ஒட்டினால் போகாது.

சேரும் நாட்டைப் பொறுத்தும் தடைகள் உண்டு. மத்திய கிழக்கில் பல இடங்களுக்குப் பன்றி இறைச்சி சேர்ந்த எதுவும் போகக் கூடாது. ஒவ்வொரு ராணுவ அஞ்சல் எண்ணுக்கும் உள்ள கட்டுப்பாட்டுக் குறியீடுகளை அஞ்சல் துறை தன் 'போஸ்டல் புல்லட்டின்' இதழில் வெளியிடுகிறது. உங்கள் எண்ணுக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பெட்டியை மூடுங்கள்.

முகவரியில் பதவி, முழுப்பெயர், அடுத்த வரியில் யூனிட் எண்ணும் பெட்டி எண்ணும், கடைசி வரியில் ஏபிஓ (தரைப்படை, விமானப்படை அஞ்சல்) அல்லது எஃப்பிஓ (கடற்படை அஞ்சல்), பிறகு பகுதியைக் காட்டும் ஏஇ, ஏபி, ஏஏ மூன்றில் ஒன்று, பிறகு அஞ்சல் எண். ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கா ஏஇ. பசிபிக் பகுதி ஏபி. நாட்டின் பெயரையோ ஊர்ப்பெயரையோ எழுதவே கூடாது. எழுதினால் பெட்டி ராணுவ அஞ்சலை விட்டு அந்த நாட்டின் பொது அஞ்சலுக்குள் போய்ச் சேரும். சரியாக எழுதினால் உள்நாட்டுக் கட்டணம்தான். தனியார் கூரியர் இந்த முகவரிகளுக்குக் கொண்டுசேர்ப்பதில்லை.

பெயர் இல்லாமல் 'யாராவது ஒரு வீரருக்கு' என்று அனுப்பும் வசதி 2001 அக்டோபரில், ஆந்த்ராக்ஸ் நோய்க்கிருமியை வைத்து அனுப்பிய கடிதங்களுக்குப் பிறகு நிறுத்தப்பட்டது. அதனால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பெயர் வேண்டும். 12 போர்வைக்கு 12 பெட்டி.

சுங்கப் படிவம் 2976-ஆர். வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போனால் கவுண்டரில் பதிந்து அச்சிட்டுத் தருவார்கள். 'பரிசு' என்று மட்டும் எழுதினால் போதாது. பருத்திப் போர்வை 1, தலையணை உறை 1, கடிதம் 1 என்று எண்ணிக்கை, எடை, மதிப்போடு எழுத வேண்டும். வியர்வை சிந்தித் தைத்தோமே என்று மதிப்பைக் கூட்டாதீர்கள், பொருளின் விலை போதும்.

#18 ஊசிமுனை

பெயர்த்துணியில் எங்கள் முகவரியைப் போடலாமா? தைக்கும்போது படம் எடுத்து இங்கே போடலாமா?

#19 கொடிமரம்

பெயர்த்துணியில் முதற்பெயர், ஊர், ஆண்டு போதும். வீட்டு முகவரியும் தொலைபேசியும் வேண்டாம். அவர் நன்றி எழுத விரும்பினால் பெட்டிக்குள் இருக்கும் கடிதத்தில் முகவரி இருக்கட்டும். அழியாத மையுள்ள துணிப் பேனாவால் எழுதி, மை காய்ந்ததும் இஸ்திரி போட்டு நிலைக்கச் செய்யுங்கள். எழுதும்போது துணி வழுக்காமலிருக்க அடியில் ஃப்ரீசர் தாளை (ஒரு பக்கம் பிளாஸ்டிக் பூசிய தாள்) இஸ்திரியால் ஒட்டிக்கொள்ளலாம். பெயர்த்துணியின் இரண்டு ஓரத்தை பைண்டிங்கோடு சேர்த்துத் தைத்துவிட்டால் சலவையில் பிய்ந்துவராது.

போர்வையின் படத்தைத் தாராளமாகப் போடுங்கள். பெறுபவர் பெயர், யூனிட் எண், அஞ்சல் எண், எந்த நாடு, எப்போது திரும்புகிறார்கள், இவற்றில் எதுவும் படத்திலும் வேண்டாம், எழுத்திலும் வேண்டாம். மேசைமேல் முகவரிச் சீட்டு தெரியும்படி எடுத்த படம் ஒன்றே போதும் தொல்லைக்கு.

#20 அஞ்சல்பெட்டி

கடைசியாக நாள் கணக்கு. பெட்டி போய்ச் சேர இரண்டு மூன்று வாரம் ஆகும், கப்பல் என்றால் அடுத்த துறைமுகம்வரை காத்திருக்கவும் நேரும். அவர்கள் கிளம்பும் தேதிக்கு ஆறு வாரத்துக்குள் எதையும் அனுப்பாதீர்கள். ஆள் போனபின் வந்த பெட்டி உங்களுக்கே திரும்பி வரும், அதற்கும் மாதக்கணக்கில் ஆகலாம். கிறிஸ்துமஸுக்குச் சேர வேண்டுமென்றால் நவம்பர் நடுவுக்குள் கவுண்டரில் கொடுத்துவிடுங்கள்.

12 பெட்டியையும் ஒரே நாளில் கொண்டுபோங்கள். ஒரே கூடாரத்தில் நாலு பேருக்கு வந்து எட்டுப் பேருக்கு வராமல் இருந்தால் அது நன்றாயிருக்காது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும், மேலே எழுதிய அதே முகவரியை ஒரு சீட்டில் எழுதிப் போர்வைக்கு மேல் வையுங்கள். வெளிச்சீட்டு கிழிந்து போனாலும் பெட்டியைத் திறந்து பார்த்து உரியவரிடம் சேர்ப்பார்கள்.

#21 ஊசிமுனை

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டோம். கருநீலம், சாம்பல், மணல் நிறம் மூன்றும் தலா 13 கஜம். சனிக்கிழமை கருநீலத்தை அலசுகிறோம், ஞாயிறு வெட்டுகிறோம். சாயம் நிற்கவில்லை என்றால் தாளின் படத்தோடு திரும்ப வருகிறேன்.